சமையற்கட்டுச் சட்டம்

சர்க்கரை கண்ட உடம்புக்கு நடை போதும் என்றார் மருத்துவர். நாற்பதைக் கடந்த நாமோ ஆடத் துணிந்தோம். கோவையில் பயிலும் மகன் கற்றுத்தந்த ஆட்டம் பிக்கிள்பால். ஊறுகாயோடு இதற்கு உறவு தேடவேண்டா. 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், பழைய இறகுப்பந்துத் திடலொன்றில் பிறந்தது. ஆகவே திடலின் அளவும் அதே 44க்கு 20 அடிதான். சத்தியமங்கலத்தில் நம் தெருப்பிள்ளைகள் கோடிட்ட இறகுப்பந்துத் திடலே போதுமானதாயிற்று. வலையை மட்டும் நடுவில் 34 அங்குலமாகத் தாழ்த்தினோம்.

துளையிட்ட நெகிழிப் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து மேல்நோக்கித் தட்டி, குறுக்கே எதிர்க்கட்டத்தில் இடுவது தொடக்கம். அதனை எதிரணியும், அவர்கள் திருப்பியதைத் தொடங்கிய அணியும், தரையில் ஒருமுறை பட்ட பின்னரே அடிக்கவேண்டும். தொடங்கும் அணிக்கே புள்ளி. 11 எட்டி, இரண்டேனும் முந்தினால் வெற்றி. இவை ஒரே மாலையில் பழகிவிட்டன.

பழகாதது சமையற்கட்டு! வலையின் இருபுறமும் உள்ள ஏழடிப் பரப்புக்கு ஆட்டக்காரர் இட்ட பெயர் அது. அங்கு நின்று, தரை தொடாத பந்தை அடிக்கலாகாது. தரையில் பட்டதாயின் தடையில்லை. வெளியே நின்று அடித்துவிட்டு, அவ்வேகத்தில் கால் உள்ளே சென்றாலும் பிழையே. (நம் இல்லத்தரசியார் இச்சட்டத்தை இதனினும் கடுமையாக நெடுங்காலமாய் நடத்திவருகிறார்.)

இவ்விளையாட்டின் நீதியெல்லாம் அந்த ஏழடியில்தான் இருக்கிறது என்பது நம் துணிபு. நெட்டை இளைஞன் வலையருகே நின்று ஓங்கி அறைய வழியில்லை. அவனும் பந்தை மெல்லத் தட்டியே ஆகவேண்டும். மெல்லத் தட்டுவதில் பத்தொன்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

சென்ற சனிக்கிழமை மகன் 11, நாம் 9.