ஒப்புரவு

வரப்பு இல்லாத வயல் இல்லை. வரப்பு உள்ள இடத்தில் வழக்கு இல்லாமலும் இல்லை. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய எருத்தேன்பதி போன்ற ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. வாய்க்கால் நீருக்காகவும் ஒரு முழ நிலத்துக்காகவும் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார், ஞாயிறுதோறும் ஒரே கோயிலில் முழந்தாளிட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வெளியேறுவதைக் கண்டிருக்கிறேன். அத்தகைய நெஞ்சில் அமைதி எங்ஙனம் குடிபுகும்?

இவ்வினாவுக்கு விடை தேடிய நூலொன்று தமிழ் அச்சுக்கலையின் தொட்டில் பருவத்திலேயே தோன்றியது. முத்துக்குளித்துறை மக்களிடையே தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தையும், 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்க’த்தையும் அச்சேற்றினார். அடுத்து 1580-இல் அதே கொச்சியில் வெளிவந்தது ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் நூல் அது. இன்று நாம் குடியிருக்கும் கேரள மண்ணில் அச்சான தொடக்கக்காலத் தமிழ் நூல்களுள் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தன் தாய்மொழியில் எடுத்துரைக்கத் துணைநின்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பாவசங்கீர்த்தனம் என்பது வாயால் சொல்லிவிட்டு எழுந்துபோவதன்று. ஆத்தும சோதனை, மனத்துயர், இனிச் செய்யேன் என்னும் உறுதி, குற்றத்தை அறிக்கையிடல், பரிகாரம் ஆகியவை அதன் படிகள். கேட்ட குரு அதனை எவரிடமும் வெளியிடலாகாது என்பது திருச்சபையின் கடுஞ்சட்டம். மறைத்து வைத்த குற்றம் உள்ளிருந்து அரிக்கும். சொல்லப்பட்ட குற்றமோ சுமையிறங்கும். ஆயினும், அண்ணனுக்கு இழைத்த தீங்கை ஆண்டவனிடம் மட்டும் சொல்லி அமைதல் போதுமா? காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு நல்லுறவு கொள்ளுமாறு மலைப்பொழிவில் இயேசு பணித்தார் அன்றோ?

மன்னிப்பின் ஆழத்தை நம் காலத்தில் காட்டிய குடும்பம் எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழியைச் சேர்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவரிடையே பணியாற்றிய அருட்சகோதரி ராணி மரியா, 1995 பெப்ருவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சமுந்தர் சிங். 2002-இல், ராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்கே சென்று அவர் கையில் ராக்கி கட்டி உடன்பிறந்தானாக ஏற்றார். 2006-இல் விடுதலை பெற்ற சமுந்தர் சிங், 2007-இல் புல்லுவழிக்கு வந்து பெற்றோரைக் கண்டார். அவ்வீடு அவரை மகனாகவே வரவேற்றது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

இம்மன்னிப்பு சட்டத்தை அழிக்கவில்லை. அவர் சிறையில் பல்லாண்டு கழித்தார். குற்றம் சிறிதென்றும் அது கூறவில்லை. பகை தன் வீட்டில் குடியிருக்க இனி இடமில்லை என்று மட்டுமே அது கூறிற்று. மகளை இழந்த பெற்றோர்க்கு இயன்றது, ஒரு முழ நிலத்தை இழந்த நமக்கு இயலாதா?

பாவசங்கீர்த்தனத்தை இந்நாளில் ‘ஒப்புரவு அருளடையாளம்’ என்கிறோம். ஒப்புரவு என்பது வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கிய சொல். ஆங்கு அது ஊரார்க்கு உதவி வாழும் பண்பைக் குறித்தது. ஈண்டு அது முறிந்த உறவைப் பொருத்துதலைக் குறிக்கிறது. இரண்டுக்கும் அயலான் வேண்டும். ஆதலால் கோயிலை நோக்கி நடக்கும் கால், வழியில் அண்ணன் வீட்டுப் படியையும் ஒருமுறை மிதிக்கட்டும்.