துணிச் சட்டையும் இரும்புச் சட்டையும்

ஒரு கேள்வி. நாளைக்கே சண்டை மூண்டு, உங்களையும் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டு இடம் காலி. ஒன்று, துப்பாக்கியும் இருபது முப்பது கிலோ மூட்டையும் சுமந்து நடக்கிற காலாட்படை. இன்னொன்று, சுமார் 41 டன் இரும்புக்குள் உட்கார்ந்து போகிற டேங்க். எதில் சேருவீர்கள்?

'டேங்க்'தானே? பெரும்பாலான பேர் அப்படித்தான் சொல்வார்கள். விளாத்திகுளம் பக்கம் எங்கள் குளத்தூர் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், உடனே ஒருத்தர் சிரிப்பார்.

எங்களுடையது மானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பட்டாளம். அப்படிப் போய் பென்ஷனோடு திரும்பிய இரண்டு பேர் அந்தக் கடையில் தினமும் உட்காருவார்கள். ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட். இன்னொருவர், நம் ஆவடியில் செய்த டி-72 டேங்கின் டிரைவர். இருவரும் மாமன் மாப்பிள்ளை முறை.

"உமக்குச் சட்டைத் துணிதானய்யா கவசம்" என்று ஆரம்பிப்பார் டிரைவர்.

"இருக்கட்டும் மாமா. குண்டு விழுந்தா நான் குழியில படுத்துக்கிருவேன். டப்பாக்குள்ள இருக்க நீங்க எங்க போவீக?"

டிரைவர் பதில் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியும். டி-72-க்குள் மூன்று பேர். ராஜஸ்தான் வெயிலில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். டிரைவருக்கு வெளியுலகம் என்பது ஒரு கண்ணாடிக் கீற்று. தளபதியும் கன்னரும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழேயே குண்டுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். எதிரியின் குண்டு துளைத்து அங்கே தீப்பிடித்தால், மேல்மூடியே பிய்த்துக்கொண்டு பறக்கும். 2022-ல் உக்ரைனில் அதை உலகமே டி.வி-யில் பார்த்தது.

"குண்டைவிட சகதிக்குத்தான் மாப்ளே நான் பயப்படுவேன்" என்பார் அவர். ஐப்பசி மழையில் கரிசல் காட்டில் டிராக்டரை இறக்கியவர்களுக்கு இது புரியும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்ததும் இதுதான். வாய்க்காலை உடைத்துக் கரும்புத் தோட்டங்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார்கள் நம்மவர்கள். அமெரிக்கா கொடுத்த பாகிஸ்தானின் பாட்டன் டேங்குகள் சேற்றில் திணறின. அங்கே ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு டேங்குகளை எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்த அப்துல் ஹமீது ஒரு காலாட்படைக்காரர். பரம் வீர் சக்ரா பெற்றார்.

அப்படியென்றால் காலாட்படைதான் உசத்தியா? அவசரப்படாதீர்கள்.

1971 டிசம்பர் 15 ராத்திரி. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது நம் காலாட்படை. அதில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 16-வது பட்டாலியனும் உண்டு. எதிரி டேங்குகள் நடமாடுகிற சேதி அங்கிருந்து வருகிறது. துணிச் சட்டை எத்தனை நேரம் தாங்கும்? நடுவில் கண்ணிவெடி வயல். பாதிதான் அகற்றியிருந்தார்கள். பூனா ஹார்ஸ் டேங்க் படை மீதிக்காகக் காத்திருக்கவில்லை. வெடிகளுக்கு நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போனது. மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால் என்ற 21 வயதுப் பையன், டேங்க் எரிகிறது, இறங்கு என்று உத்தரவு வந்தும், பீரங்கி இன்னும் சுடுகிறது என்று இறங்க மறுத்து, அதற்குள்ளேயே உயிரை விட்டான். அவனுக்கும் பரம் வீர் சக்ரா.

நடக்கிறவனுக்காக இரும்புக்குள் இருக்கிறவன் செத்திருக்கிறான். காலாட்படை கூட வராவிட்டால் டேங்குக்கும் கண் தெரியாது. புதருக்குள் ராக்கெட்டோடு பதுங்கியிருக்கிறவனைத் தேடிப் பிடிக்க இரண்டு கால் வேண்டும். கார்கிலில் 1999-ல் அந்தக் கால்கள்தான் மலை ஏறின.

இப்போது இரண்டு பேருக்கும் பொது எதிரி மேலே பறக்கிறது, டிரோன். குழிக்குள் படுத்தவனையும் பார்க்கும், டேங்கையும் பார்க்கும். எதிரியே இல்லாமலும் சாவு வரும். 2024 ஜூனில் லடாக்கில் ஷியோக் ஆற்றைக் கடந்த ஒரு டி-72, திடீர் வெள்ளத்தில் மாட்டி ஐந்து வீரர்கள் இறந்தார்கள்.

போன மாதம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். மகன் அக்னிவீர் பரீட்சை எழுதியிருக்கிறான். நாலு வருஷ வேலை. அதற்குப் பிறகு நிரந்தரமாவது அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான். அதெல்லாம் அவர் கேட்கவில்லை.

"எதுல சேத்தா அண்ணாச்சி எம்புள்ள உசுருக்குப் பங்கமில்ல? நடக்கதுலயா, வண்டியிலயா?"

தினமும் மல்லுக்கு நிற்கிற இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர்தான் சொன்னார்.

"எதுலயும் போகட்டும் தாயி. பக்கத்துல இருக்கவன் இவன விட்டுட்டு ஓடாதவனா அமையணும். அத மட்டும் சாமிகிட்ட கேளு."

அந்த அம்மா போகாமல் நின்றார்.

"எம்புள்ளயும் யாரையும் விட்டுட்டு ஓடமாட்டான் அண்ணாச்சி. அதான் பயமா இருக்கு."