சத்தம், ஆட்டம், ஆபத்து: மாருதி 800-க்கு ஒரு சிக்கன வைத்தியம்

டிஸ்கி: இதை எழுதுறது மெக்கானிக் இல்லை. பழைய காரையும் மாசச் சம்பளத்தையும் வச்சுக்கிட்டு காலம் தள்ளுற ஒருத்தன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

மாருதி 800-ல முதல் வண்டிக்கு சாவி கொடுத்தது 1983 டிசம்பர்ல. உற்பத்தியை நிறுத்தினது 2014 ஜனவரியில. ஆக, இன்னைக்கு ரோட்டுல பார்க்கிற எந்த 800-ம் பத்து வயசைத் தாண்டினதுதான். எங்க வீட்டுது 2004 மாடல். இஞ்சின் இப்பவும் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகும். ஏசி கூட சுமாரா வேலை செய்யும். கீழ்ப்பக்கம்தான் பாத்திரக்கடைக்குள்ள பூனை புகுந்த மாதிரி ஆயிருச்சு.

சும்மா ஊர் சுத்துற வண்டின்னா அப்படியே விட்டிருப்பேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி, வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் முன்சீட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்குவாங்க. "டேய், இதுக்கு ஆட்டோவே தேவலடா"ன்னாங்க ஒரு நாள். காருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

(ஸ்பீடு பிரேக்கர்னு சொன்னதும் ஒரு தகவல். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்குற மாதிரி வளைவா இருக்கணும். எங்க தெருவுல இருக்கிறது ராத்திரியோட ராத்திரியா யாரோ ஊத்தி வச்ச சிமெண்ட் கட்டை.)

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். மொத்தத்தையும் மாத்தணும், ரூ.26,000 ஆகும்னாங்க. "வண்டியை வித்தாலே இவ்வளவு தேறுமான்னு தெரியல சார், யோசிச்சுக்குங்க"ன்னு இலவச ஆலோசனை வேற. என் கையில இருந்தது ஐயாயிரம். அடுத்த சில மாசத்துல இன்னொரு பத்தாயிரம் புரட்டலாம்.

எதை முதல்ல மாத்துறதுன்னு உட்கார்ந்து யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. நாம "சஸ்பென்ஷன் போச்சு"ன்னு ஒரே வார்த்தையில சொல்றது உண்மையில மூணு தனித்தனி வியாதி. சத்தம், ஆட்டம், ஆபத்து. மூணும் மூணு இடத்துல இருந்து வருது. சத்தம் போடுறதெல்லாம் ஆபத்து இல்லை. ஆபத்தானது பல நேரம் சத்தமே போடாது.

800-ல முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டுல இருந்த ஏர்ல் மெக்ஃபர்சன்ங்கிற அமெரிக்க இஞ்சினியரோட வேலை. 1950-ல இங்கிலாந்து ஃபோர்டு கான்சல் வண்டியில வந்து, அப்புறம் உலகத்துச் சின்னக் கார்கள்ல பாதிக்கு மேல பரவின டிசைன். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா நிக்கும். வண்டி எடை அந்தத் தூணோட தலையில இருக்கிற ரப்பர் மவுண்ட்ல உட்காரும். கீழே வீலைப் பிடிச்சு நிறுத்துறது லோயர் ஆர்ம். ஆர்மும் வீலும் சேர்ற இடத்துல பால் ஜாயின்ட். 800-ல ஸ்டெபிலைசர் கம்பியோட முனையும் இந்த ஆர்ம்லதான் மாட்டியிருக்கும். வீல் முன்னே பின்னே நகராம பார்த்துக்கிறதும் அந்தக் கம்பிதான். அதுல புஷ் தேஞ்சா பிரேக் அடிக்கும்போது "டக்"னு ஒரு சத்தம் வரும்.

இப்ப மூணு வியாதியையும் பிரிச்சுப் பார்ப்போம்.

சத்தம் பெரும்பாலும் ரப்பர் சமாச்சாரம். ஸ்டெபிலைசர் புஷ், ஆர்ம் புஷ், மேல் மவுண்ட். இருக்கிறதுலயே விலை கம்மியான சாமான்கள்.

ஆட்டம் ஷாக் அப்சார்பர் வேலை. வண்டி மூலையை அமுக்கி விட்டா மேலே வந்து அப்படியே நிக்கணும். இன்னும் ரெண்டு தடவை தலையாட்டினா ஷாக் காலி. மேலே எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பியிருந்தாலும் காலி. டயரைத் தடவிப் பார்த்தா மேடு பள்ளமா இருக்கிறதும் ஒரு அடையாளம்.

ஆபத்து பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும். முன்வீலைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டணும், கடிகாரத்துல 12, 6 மாதிரி. இன்னொருத்தர் கீழே படுத்து ஜாயின்ட்டைப் பார்க்கணும். அங்கே அசைஞ்சா பால் ஜாயின்ட். அது அசையாம வீல் மட்டும் ஆடினா வீல் பேரிங். அப்புறம் 9, 3-ல பிடிச்சு ஆட்டினா டை ராட் எண்ட் சேதி சொல்லும். பால் ஜாயின்ட் கழண்டா வீல் வெளியே மடிஞ்சு வண்டி அங்கேயே உட்கார்ந்துடும். தெருவுல நடந்தா பரவாயில்லை, பைபாஸ்ல நடந்தா? எங்க வண்டியில இடது பக்கம் நல்லாவே ஆடுச்சு. அதுல இருந்து ஒரு சத்தமும் வரலைங்கிறதுதான் விசேஷம்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு காசில்லாத வேலை இருக்கு. டயர்ல காத்து. பெட்ரோல் பங்க்ல "மைலேஜ் வரும் சார்"னு ஏத்தி விட்டிருப்பாங்க. அந்தச் சின்ன 12 இஞ்ச் டயர்ல காத்து கூடுதலா இருந்தா புது ஷாக் போட்டாலும் மாட்டு வண்டிதான். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் குறைச்சதுமே அம்மா, "இன்னைக்கு என்ன, கொஞ்சம் மெதுவா போறியா?"ன்னாங்க :-)

சரி, ஐயாயிரம். அம்மாவுக்கு வலி குறையணும்னா ஷாக் மாத்தணும். வீல் கழலக்கூடாதுன்னா ஆர்ம் மாத்தணும். ரெண்டுக்கும் சேர்த்து காசு இல்லை. ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்ச கேள்வி இது. முதல்ல ஆபத்து, அப்புறம் சத்தம், கடைசியா ஆட்டம்னு முடிவு பண்ணினேன். அம்மாகிட்ட, "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோங்க"ன்னேன். "நான் பொறுத்துக்கிறேன், நீ வேகமா ஓட்டாதே"ன்னாங்க.

சாமான் வாங்கினது ஜி.பி. ரோட்டுல. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல புதுப்பேட்டை, பழைய சாமான் சமுத்திரம். ஆசை வரும். எனக்கு நானே ஒரு விதி வச்சுக்கிட்டேன்: பழைய இரும்பு வாங்கலாம், பழைய ரப்பர் வாங்கக்கூடாது. ஸ்பிரிங் தட்டு, பிராக்கெட் மாதிரி எல்லாம் சரி. புஷ், மவுண்ட், பால் ஜாயின்ட், ஷாக் எல்லாம் புதுசுதான். எண்ணெய் மாத்தி வெல்டு வச்சுக் கொடுக்கிற ரீகண்டிஷன் ஷாக்கும் வேண்டாம். ஸ்பிரிங்கை நான் மாத்தவே இல்லை. வண்டி சமதரையில நிக்கும்போது நாலு வீல் வளைவையும் டேப் வச்சு அளந்தேன், இடமும் வலமும் ஒரே உயரம். அப்புறம் எதுக்கு?

வேலை எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் பட்டறையில. கீழே இறங்கிப் பார்க்கப் பள்ளம் வெட்டி வச்சிருக்கார். முதல் நாள் ராத்திரியே போல்ட்டுக்கெல்லாம் துரு இளக்குற எண்ணெய் அடிச்சு வச்சோம். கடற்காத்து ஊர்ல அது இல்லாம ஸ்பேனர் போட்டா போல்ட் கையோட வந்துடும்.

ஆர்மை மாட்டி, வீல் தொங்கும்போதே இறுக்கப் போனார். "அண்ணே, வண்டியைக் கீழ இறக்கிட்டு இறுக்கலாமா?"ன்னேன்.

"ஏன் தம்பி? எப்பவும் இப்படித்தானே செய்யறோம்."

அந்த புஷ்ஷுல வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு குழாய், நடுவுல ரெண்டோடயும் ஒட்டின ரப்பர். போல்ட்டை இறுக்கினா உள்குழாய் நகராது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுங்கிக் கொடுக்கும். வீல் தொங்கும்போது இறுக்கிட்டா, வண்டி கீழ இறங்கினதுல இருந்து ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். "அதான் சில வண்டி ஆறு மாசத்துல திரும்பி வருதா"ன்னு சொல்லிட்டு, வண்டியை இறக்கி, பள்ளத்துக்குள்ள போய் இறுக்கினார். இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

பதிலுக்கு அவர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்ட்ரட் மாத்தும்போது, மேலே நடுவுல இருக்கிற பெரிய நட்டைக் காட்டி, "ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு அமுக்காம இதைத் தொட்டா, ஸ்பிரிங் நேரா மூஞ்சிக்கு வரும் தம்பி. வீட்டுல இதை மட்டும் முயற்சி பண்ணாதீங்க"ன்னார். புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுத்துட்டுதான் மாட்டினார். படுக்கப் போட்டு வச்சிருந்ததுல உள்ளே காத்து புகுந்திருக்குமாம்.

பில் இதோ (நான் கொடுத்த விலை, கடைக்குக் கடை மாறும்):

முதல் தவணை: லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டோட ஜோடி 1,700. ஸ்டெபிலைசர் புஷ் செட் 260. டை ராட் எண்ட் ஜோடி 560. பின்பக்க லேட்டரல் ராட் புஷ் பிரஸ் கூலியோட 480. கூலி 1,500. அலைன்மென்ட் 400. ஆக 4,900.

ரெண்டாவது தவணை: முன் ஸ்ட்ரட் ஜோடி 3,600. மேல் மவுண்ட் ஜோடி 900. பம்ப் ஸ்டாப், தூசி உறை 300. பின் ஷாக் ஜோடி 1,900. கூலி 1,800. அலைன்மென்ட் 400. ஆக 8,900.

மொத்தம் ரூ.13,800. ரெண்டு தடவையா செஞ்சதுல அலைன்மென்ட்டுக்கு 400 கூடுதல். அதைத் தவிர்க்க முடியாது. ஆர்மைத் தொட்டாலும் ஸ்ட்ரட்டைத் தொட்டாலும் வீல் கோணம் மாறும், டயர் ஒரு பக்கமா தேஞ்சுடும். அந்த 300 ரூபாய் பம்ப் ஸ்டாப்பையும் உறையையும் விட்டுடாதீங்க. 3,600 ரூபாய் ஸ்ட்ரட்டோட ஆயுசு அதுலதான் இருக்கு.

முதல் தவணை முடிஞ்சதுமே சத்தம் முக்கால்வாசி போயிருச்சு. ஷாக்கைக் கையால தொடாமலே! அன்னைக்கே ஷாக் மட்டும் மாத்தியிருந்தா, கொஞ்சம் சொகுசா, அதே ஆடுற பால் ஜாயின்ட்டோட அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அதை நினைச்சாதான் வயித்தைக் கலக்குது.

இன்னமும் அது 800-தான். சின்ன வீல், பெரிய பள்ளம் வந்தா தூக்கித்தான் போடும். ஸ்டியரிங் பக்கம் லேசா ஒரு கடகட பாக்கி இருக்கு. ராக்கா, காலம் ஷாஃப்ட்டான்னு அடுத்த மாசம் பார்க்கணும். அம்மா இப்ப கைப்பிடியைப் பிடிக்கிறதில்லை. போற வழியில போன்ல சீரியல் பார்க்கிறாங்க.

உங்க வீட்டுலயும் ஒரு கிழட்டு வண்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஜாக்கி போட்டு, கீழே ஒரு ஸ்டாண்டும் கொடுத்து, முன்வீலை 12, 6-ல பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க. பத்து நிமிஷ வேலை.