வரைபடத்துக்கு என்ன விலை?

கலைக்கும் கணக்குக்கும் பகை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டு உள்ளலங்காரத் தொழிலில் இந்த எண்ணம் நட்டத்தில்தான் கொண்டுபோய் விடும். தேவராவில் என் அண்ணன் செய்வது அத்தொழிலே. தென்காசிப் பக்கத்திலிருந்து தச்சு வேலைக்காக இங்கு வந்த அப்பாவின் உளிகள் அவருடைய பட்டறையில் இருக்கின்றன. கணக்குப் புத்தகம் மாலை வேளைகளில் என்னிடம் வரும். வேதியியல் மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், நண்பர்களே. பிளைவுட்டே வேதியியல்தான்!

தேவரா காயலோரத்து ஊர். மழைக்காலத்தில் காற்றே நனைந்திருக்கும். யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டிய பலகையை ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையின் பிணைப்போ நீருக்கு எளிதில் இளகாது. ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர அளவையின்படி, கடல்தரப் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கிறார்கள். ஆனால் மேலே மைக்கா ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். வேற்றுமை வெளிப்படுவது, இரண்டொரு மழைக்காலம் கழித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்.

இங்கேதான் இலாபக் கேள்வி எழுகிறது. அலங்காரக்காரர் பலர் வரைபடத்துக்குக் காசு கேட்பதில்லை. 'டிசைன் இலவசம்' என்பார்கள். விட்டதைப் பலகைக் கடை தரும் கமிஷனில் பிடித்துக்கொள்வார்கள். எதற்குக் கமிஷன் மிகுதியோ அதுவே நல்ல பலகை ஆகிவிடும். அண்ணனிடமும் ஒரு கடைக்காரர் உறை ஒன்றை நீட்டினார். அது பட்டறை வாடகைக்கே திண்டாடிய மாதம். அண்ணன் வாங்கவில்லை. "அது வீட்டுக்காரர் பணம்டா, தம்பி" என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அம்மாவின் கோபத்திலும் நியாயம் உண்டு. வாடகையை எதைக் கொண்டு கட்டுவது? ஆகவே கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு சமையலறை வேலை. பொருளும் கூலியும் போக 45,000 மிஞ்சுகிறது. முப்பது நாளில் முடிந்தால் நாளொன்றுக்கு 1,500. வீட்டுக்காரர் நான்கு முறை வரைபடத்தை மாற்றச் சொல்லி அறுபது நாளானால் 750. தொகை மாறவில்லை, இலாபம் பாதியாயிற்று! பலகையில் நாம் இழந்ததைவிட, இலவசமாகத் திருத்திய காகிதத்தில் இழந்ததே அதிகம்.

உள்ளலங்காரத்தை அமெரிக்காவில் தனித் தொழிலாக நிலைநாட்டியவர்களுள் எல்சி டி வுல்ஃப் அம்மையார் முதன்மையானவர். 1914 வாக்கில் செல்வர் ஹென்றி ஃபிரிக்கின் நியூயார்க் மாளிகைக்குப் பொருள்கள் வாங்கித் தந்தபோது, நூற்றுக்குப் பத்து என்று அவரிடமே கட்டணம் பேசிப் பெற்றார். ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடுதான். எனினும் அதிலும் ஓர் இடுக்கு இருக்கிறது: வீட்டுக்காரர் எவ்வளவு அதிகம் செலவிடுகிறாரோ அவ்வளவு நமக்கு ஆதாயம். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் மரத்தூண்களைப் பார்க்கும்போதெல்லாம், விழுக்காட்டுக்காரன் எவனும் இதை வேண்டாமென்று சொல்ல மாட்டானே என்று தோன்றும்.

அண்ணன் விழுக்காடு வைக்கவில்லை. பொருள், கூலி, வரைபடம் என்று விலைப்பட்டியலை மூன்றாகப் பிரித்தார். வரைபடத்துக்கு ஒரே தொகை. இரு திருத்தங்கள் அதற்குள் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். பலகையைக் கடை ரசீதோடு காட்டுவார்.

முதலில் வந்த பெருமானூர்க்காரர், "படம் வரையவா காசு?" என்று எழுந்து போனார். அடுத்தவர் கடவந்திராவில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை. ரசீதை இருமுறை படித்துவிட்டு முன்பணம் கொடுத்தார். மூன்றாம் திருத்தம் கேட்க வாயெடுத்து, கட்டணத்தைப் பார்த்துச் சிரித்து விட்டுவிட்டார். வேலை 34 நாளில் முடிந்தது. வாடகை கட்டினோம். அந்தக் கடைக்காரர் மட்டும் இப்போதெல்லாம் அண்ணனுக்குக் கடன் தருவதில்லை; பலகைக்காக அவர் பெரும்பாவூர் வரை போய் ரொக்கம் கொடுத்து வாங்கி வருகிறார்.