மாயாவியின் கையும் ஒரு வாடகைப் புத்தகமும்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போலக் கோயில், கல்வெட்டு என்று வரலாறு எழுதவில்லை. காமிக்ஸ் பற்றி எழுதப் போகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். மூன்றாம் வகுப்பு. பனியனில் ஸ்பைடர்மேன், தண்ணீர் பாட்டிலில் ஸ்பைடர்மேன், செருப்பில்கூட ஸ்பைடர்மேன். ஒருநாள் சாப்பிடும்போது, "தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச சூப்பர் ஹீரோ யாரு?" என்று கேட்டான். காமராஜர் என்றோ பாரதியார் என்றோ சொல்லி உபதேசத்தை ஆரம்பிப்பேன் என்று நினைத்து, என் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இரும்புக்கை மாயாவி" என்றேன்.

என்னிடம் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை வைத்துப் படித்ததற்காக உங்களில் எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! உண்மை இதுதான். உங்களுக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவன் நான்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். எனக்கு அப்போது 11 வயது. எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது புத்தகம் வாங்கி வருவார். அவர் படித்து முடித்ததும் தெருவே படிக்கும். என் முறை வருவதற்குள் அட்டை போயிருக்கும்.

மாயாவியின் கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், அதற்குப் பதிலாக இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். அந்தக் கைவழியாக உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் மறையாது. மின்சக்தி தீரத் தீர உடம்பு திரும்பத் தெரிய ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் வில்லனின் அறைக்குள் இருக்கும்போதுதான் தீரும்!

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதத்தைப் பொறுக்கிச் சேர்த்து, சோற்றுப் பசை வைத்துக் கையில் ஒட்டிக்கொண்டு திரிந்தோம். எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. அதனால்தான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். கரண்ட் இருந்த ஒரே இடம் தோட்டத்துப் பம்புசெட் ரூம். எலும்புக்கூடு படம் போட்ட அபாயப் பலகைக்குக் கீழே வெள்ளிக் காகிதக் கையோடு நான் நிற்பதை அப்பா பார்த்துவிட்டார். அன்று வாங்கிய அடியில் நான் மறையவில்லை. முதுகில் தடம்தான் தெரிந்தது.

வளர்ந்த பிறகுதான் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. பேரனின் ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் முதன்முதலாக வந்ததும் அதே 1962தான். ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் உருவாக்கியது. இதைச் சொன்னதும் பேரனுக்கு மாயாவி மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"ஆனா கை தெரியுமே தாத்தா, மாட்டிக்குவாரே" என்றான்.

அந்தக் கைதான் விஷயம். முழுவதும் மறைகிற ஒரு ஆளை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு என்ன பயம்? என்ன வேண்டுமானாலும் செய்வான். படிக்கிற நமக்கும் அவனுக்காக நெஞ்சு அடித்துக்கொள்ளாது. மாயாவியிடம் எது ஊனமோ அது மட்டும்தான் வெளியே தெரியும். எதை மறைக்க ஆசைப்படுவோமோ அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர் எல்லா இடத்துக்கும் போக வேண்டும். சக்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். வலி இல்லாமல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கதை தொடங்கும்போது மாயாவி நல்லவரே கிடையாது. கிடைத்த சக்தி தலைக்கேறித் திருட்டு, மிரட்டல் என்று இறங்கியவர். பிறகுதான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பையன்களைப் பைத்தியமாக அடித்த ஸ்பைடரும் அப்படித்தான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அறிமுகமானவன். (பேரனின் ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. கூர்மையான காது, வலைத்துப்பாக்கி, ஹெலிகார் எல்லாம் இவனுடையவை.) குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பியவன், பிறகு அதே குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கிவிடுவான். திருந்தினாலும் கர்வம் போகாது. 'என்னைவிடப் பெரிய எத்தன் எவனடா?' என்கிற தோரணையிலேயே நல்லது செய்வான்.

இந்த ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய அதே சீகல். 1938இல் சூப்பர்மேன் முதலில் வெளிவந்தபோது இருவரும் 130 டாலருக்கு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உலகமே கொண்டாடிய பாத்திரம், உண்டாக்கியவர்கள் கையில் இல்லை. அந்த மனிதர்தான் பல வருஷம் கழித்து இங்கிலாந்துப் பத்திரிகைக்கு ஸ்பைடர் கதை எழுதினார். பிறக்கும்போதே எல்லாச் சக்தியும் கொண்ட உத்தமனைப் படைத்தவர், பின்னாளில் ஒரு கர்வம் பிடித்த பழைய திருடனை நாயகனாக வைத்து எழுதினார் என்பதில் எனக்கு ஏதோ ஒரு நிறைவு உண்டு.

வேதாளரையும் விட்டுவிட முடியாது. லீ பால்க் 1936இல் உருவாக்கியவர். அவரிடம் எந்த மந்திரசக்தியும் கிடையாது. சாகாதவர் என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உண்மையில் அப்பா இறந்ததும் அதே உடையை, அதே முகமூடியை மகன் மாட்டிக்கொள்வான். நாம் படிப்பது 21ஆவது வேதாளரின் கதை. வாத்தியார் நாற்காலியும் இப்படித்தான். ஆள் மாறுவார்கள், நாற்காலியும் பிரம்பும் அப்படியே இருக்கும். பிள்ளைகள் எல்லாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பேரன் தன் கட்சியை விடவில்லை. ஸ்பைடர்மேன் கதையை எனக்கு அவன்தான் சொன்னான். பீட்டர் பார்க்கருக்குச் சிலந்தி கடித்துச் சக்தி வருகிறது. ஒரு திருடன் ஓடும்போது, 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறான். அதே திருடன்தான் பிறகு, வளர்த்த பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். "அதுக்கப்புறம்தான் தாத்தா அவன் ஹீரோ ஆனான்" என்றான்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டு வயதுப் பையன் சரியான இடத்தைப் பிடித்துவிட்டான். சிலந்தி கொடுத்தது பலம் மட்டும்தான். அவனை மாற்றியது, செய்த தப்பு. எனக்குப் பிடித்த எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள். தப்புச் செய்தவர்கள். செய்ததை ஒளிக்க முடியாதவர்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

அன்று சாயந்தரம் பேரனுக்குக் காட்டலாம் என்று பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பழைய முத்து காமிக்ஸ் நாலைந்து கிடைத்தன. கூடவே ஒரு ஸ்பைடர் புத்தகம். பேரன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இதுல உங்க பேர் இல்லையே, யாரோட புக்கு?" என்றான். முதல் பக்கத்தில் வாடகை நூல் நிலையத்தின் ரப்பர் ஸ்டாம்பு. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு பையனின் பெயர், 9-பி.

அது 1988. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். மதியம் முதல் பீரியடு, பிரெஞ்சுப் புரட்சி. கடைசிப் பெஞ்சில் ஒருவன் குனிந்தபடியே இருந்தான். போய்ப் பார்த்தால் நோட்டுக்குள் ஸ்பைடர். பிடுங்கினேன்.

"சார், அது வாடகை புக்கு சார். இன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"குப்பையைப் படிக்கிறவனுக்கு அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லி, அந்தப் பீரியடு முழுக்க நிற்க வைத்தேன். அன்று ராத்திரி வீட்டில் அந்தக் 'குப்பை'யை இரண்டு தடவை படித்தேன். மறுநாள் கொடுத்துவிடலாம் என்றுதான் பையிலும் வைத்திருந்தேன்.

மறுநாள் இடைவேளையில் அவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். உள்ளே மூத்த ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பையிலிருந்து காமிக்ஸை எடுத்துக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். 27 வயது வாத்தியாரின் கெளரவம்! "கிழிச்சுப் போட்டுட்டேன், போடா" என்றேன். பை என் காலடியில் இருந்தது.

"சரிங்க சார்" என்று போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து வேறொரு பையன் பேச்சுவாக்கில் சொன்னான். கடைக்காரர் புத்தகத்தின் விலையோடு அபராதமும் கேட்டாராம். வீட்டில் சொல்லப் பயந்து, சாயந்தரங்களில் டீக்கடையில் கிளாஸ் கழுவி அவன் அதைக் கட்டினானாம். அதைக் கேட்ட பிறகாவது கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடுமே! நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போனான். அந்த இரண்டு வருஷத்தில் என் வகுப்பில் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாரிடமும் நான் நல்ல சார் என்று பெயர் வாங்கினேன். பணி நிறைவு விழாவில் மாலை போட்டீர்கள், மேடையில் புகழ்ந்தீர்கள். அத்தனைக்கும் நடுவே பரண் மேல் அந்தப் புத்தகம் இருந்தது. எவ்வளவு மறைந்தாலும் கை மட்டும் தெரியும் என்பதை நான் மாயாவியிடம் படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

பேரனிடம் இதை முழுவதும் சொன்னேன். "நீங்க பொய் சொன்னீங்களா தாத்தா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப சாரி சொல்லுங்க" என்றான். அவனுக்கு அது அவ்வளவு சுலபம்.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. உனக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றது உனக்கு நினைவிருந்தால், நீதான். உன் புத்தகத்தை நான் கிழிக்கவில்லை. பத்திரமாக இருக்கிறது. அன்று நான் சொன்னது பொய். என்னை மன்னித்துவிடு. ஒரு நாளைக்கு 25 காசு வாடகை என்று ஸ்டாம்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. 37 வருஷத்துக்குக் கணக்குப் போட்டேன், 3,300 ரூபாயைத் தாண்டுகிறது. அதையும் தருகிறேன். நீ டீக்கடையில் நின்ற சாயந்தரங்களைத்தான் என்னால் திருப்பித் தர முடியாது.

அந்தத் தொகுப்பில் படித்த மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் என்று தெரிந்தால் கமெண்ட்டில் பெயர் போடாதீர்கள். அவரிடம் மட்டும் இதைக் காட்டுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

பேரன் அந்த ஸ்பைடர் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று இரண்டு நாளாக நச்சரிக்கிறான். "இது நம்ம புக்கு இல்லப்பா. உடையவங்க வந்து சரின்னு சொன்னாத்தான்" என்று சொல்லி, செய்தித்தாளில் அட்டை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்