பிட்யூட்டரிக்கு ஒரு ரிமைண்டர்

மூளைக்கு அடியில் பட்டாணி சைஸில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதன் இலாகா. வாலிபம் தாண்டியதும் மெல்ல மெல்ல சப்ளையைக் குறைத்துவிடும், ரிடையர்மென்ட்டை நெருங்கும் ஹெட் கிளார்க் மாதிரி.

இந்த ஹெட் கிளார்க்குக்கு ரிமைண்டர் போடத்தான் பெப்டைட் ஊசிகள். செர்மோரெலின், இபாமோரெலின் என்று பெயர்கள். "போட்டுக்கலாமா சார்? தொப்பை கரைஞ்சு 25 வயசு உடம்பு வந்துடுமாம்" என்றார் ஆபீஸ் நண்பர். அவருக்கு வயது 38. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை.

நான் வெறும் பி.காம். வைத்தியம் தெரியாது, வரவு செலவு பார்க்கத் தெரியும். பார்த்தேன்.

இந்த ஆசைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்க டாக்டர் டேனியல் ரட்மன். 60 தாண்டிய 12 ஆண்களுக்கு 6 மாதம் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டு, 1990-ல் முடிவை வெளியிட்டார். கொழுப்பு 14 சதவீதம் குறைவு; சதை கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல். ஆஹா! 1996-ல் வேறொரு குழு 52 முதியவர்களை வைத்துச் சோதித்தது. சதை ஏறியது, கொழுப்பு இறங்கியது. பலம்? இருந்த இடத்திலேயே இருந்தது. புத்தகத்தில் லாபம், கல்லாவில் காசில்லை!

செலவுப் பக்கம்: மூட்டு வலி, கால் வீக்கம், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது.

"அது வெளிச் சரக்கு. இது நம்ம சொந்தச் சரக்காச்சே?" என்று மடக்கினார் நண்பர். நியாயம்தான். ஆனால் ரிமைண்டர் போட்டு வரவழைத்தாலும் வருவது அதே ஹார்மோன். சர்க்கரையை ஏற்றும் குணமும் கூடவே வரும். செர்மோரெலின் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக, தொப்பைக்காக அல்ல. இபாமோரெலினுக்கு அதுவும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஹார்மோன் தாராளமாகச் சுரப்பது ராத்திரி, தூங்க ஆரம்பித்த முதல் சில மணி நேர ஆழ்ந்த உறக்கத்தில். நம்மவரோ ஒண்ணரை மணி வரை முழித்திருந்து செல்போனில் பெப்டைட் வீடியோ பார்க்கிறார்!

"முதல்ல சுகர் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரைப் பாருங்க" என்றேன். பண்ணினார். எல்லைக் கோட்டில் நிற்கிறதாம். இப்போதெல்லாம் பதினோரு மணிக்கு போனை அணைத்துவிடுகிறார். காலையில் வாக்கிங். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

நேற்று மெதுவாகக் கேட்டார்: "சார், சீக்கிரம் தூக்கம் வர ஏதாவது ஊசி இருக்கா?"