நான்கு விரற்கடை

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அவர்கள் சிறிதும் கலங்குவதில்லை. மூடியைத் திறந்து உள்ளே தலையை நுழைத்துக் கொள்வதில் அவர்களுக்கு ஒருவித ஆனந்தமே உண்டாகிறது. ஆனால் ஓடுகிற வண்டி தன் இஷ்டப்படி திரும்பத் தொடங்கிவிட்டால் அவர்கள் முகம் வாடிவிடும். நின்ற வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை அல்லவா?

என் அத்தான் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே முப்பது வருஷமாகக் குடியிருக்கிறார். அவரிடம் 1948-இல் செய்த எம்.ஜி. டி.சி. வண்டி ஒன்று இருக்கிறது. 1945 முதல் 1949 வரை அபிங்டன் ஊரில் இந்த ரகத்தில் சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள். கம்பிச் சக்கரங்கள், நீண்ட மூக்கு, 1250 கன சென்டிமீட்டர் எஞ்சின். இருவர் மட்டுமே உட்காரலாம். ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்ப இரண்டு சுற்றுகூட வேண்டாம். கை அசைந்தால் வண்டி உடனே திரும்பிவிடும்.

ஆனால் அத்தானுடைய வண்டியில், கைச்சக்கரத்தை நான்கு விரற்கடை திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. சென்ற வருஷம் ஒரு குறுகலான சாலையில் எதிரே லாரி வந்தபோது வண்டி அதன் பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது. அன்று முதல் அக்கா அந்த வண்டியில் ஏறுவதில்லை. 1960-க்கு முன் செய்த வண்டிகளுக்கு அந்த நாட்டில் 2012 முதல் வருஷாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. சர்க்கார் கேட்காத கேள்வியை அக்கா கேட்டாள்: "சரி பண்ணப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா?"

இந்தச் சமயத்தில்தான் நான் கோடை விடுமுறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"நீ பௌதிகம் படித்தவள்தானே, வந்து பார்" என்றார் அத்தான்.

ஸ்டியரிங் தண்டின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள்ளே திருகாணிபோல் சுற்றிச் செல்லும் பள்ளம் வெட்டிய உருளை ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரு முளை பதிந்திருக்கும். உருளை சுழல, முளை நகர, அதோடு சேர்ந்த கரம் ஆடி, தண்டுகளைத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்புகிறது. பெட்டியின் மூடிக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் முளை பள்ளத்தில் இன்னும் அழுந்தும், ஆட்டம் குறையும்.

முன்பே ஒரு மெக்கானிக் தகடுகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். நேர்சாலையில் ஆட்டம் ஓரளவு குறைந்தது. ஆனால் முனை திரும்பும்போது சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டது! காரணம் எளிது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பள்ளத்தின் நடுப்பாகந்தான் தேய்கிறது. இரு கோடிகளும் புதிதுபோலவே இருக்கின்றன. நடுவிலுள்ள தேய்மானத்துக்காக முளையை அழுத்தினால் கோடிகளில் அது நெருக்கத்தானே செய்யும்? தளர்ந்த ஸ்டியரிங்கைவிட இறுகிய ஸ்டியரிங் பொல்லாதது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வோக்ஸ்வாகன் வண்டியின் பெட்டியைப் பொருத்துவோரும் உண்டு. அத்தானின் நண்பர்கள் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். அத்தானுக்கு மனம் ஒப்பவில்லை. அக்காவுக்கோ எந்தப் பெட்டியானாலும் சம்மதம்.

வகுப்பில் இரைச்சல் எழுந்தால் கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் தண்டனை பெறுவான். ஆசிரியத் தொழிலில் நான் அறிந்த வரையில், உண்மையில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பேசியிருப்பார்கள். ஆகவே பெட்டியின்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அத்தானை ஆசனத்தில் அமர்த்திச் சக்கரத்தை மெல்ல இருபுறமும் ஆட்டச் சொல்லிவிட்டு, நான் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்தேன்.

தண்டின் பந்து மூட்டுகள் இரண்டில் ஆட்டம் இருந்தது. இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின்னில் 'டக் டக்'கென்று ஓசை கேட்டது. எல்லாவற்றிலும் ஆச்சரியம், அந்த இரும்புப் பெட்டியே அசைந்ததுதான்! அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் தாங்கியின் போல்ட்டுத் துளைகள் நீண்டுபோயிருந்தன. அவ்விடத்தில் ஒரு மில்லிமீட்டர்த் தளர்ச்சி இருந்தால் கைச்சக்கரத்தின் விளிம்பில் அது ஏறக்குறையப் பத்து மடங்காகத் தெரியும்.

பிறகு வேலை மூன்று வாரம் நடந்தது. தாங்கியைப் புதிதாகச் செய்வித்தோம். பந்து மூட்டுகளை மாற்றினோம். கிங்பின்னுக்கு வெண்கல புஷ் இறக்கி, ரீமர் கொண்டு இழைத்துச் சரியாக்கியவர் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர். வேலையில் வெகு சுத்தம். பெட்டியைத் திறந்தபோது முளையின் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தது. அதைப் பிடுங்கிக் கால்சுற்றுத் திருப்பி மறுபடி அடித்து இறக்கினோம். தேயாத முகம் பள்ளத்தை நோக்கி வந்தது. கடைசியாக, தகடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே மூடியை முடுக்கினோம். இந்த வேலையில் அத்தான் காட்டிய பொறுமையைப் பார்த்து அக்காவே அதிசயித்தாள். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது அந்தப் பொறுமை எங்கே போயிருந்தது என்று கேட்டாள்.

நான்கு விரற்கடை ஒரு விரற்கடை ஆயிற்று. அதற்கும் கீழே குறைக்க நாங்கள் முயலவில்லை. இறுகும் பயம் மறுபடி வரும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இடப்புறக் கதவைத் திறந்து ஏறினாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"மேடு பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் அலைகிறது" என்றாள்.

"இரண்டு முன்சக்கரத்துக்கும் ஒரே அச்சு, புது வண்டியாக இருந்த காலத்திலேயே அப்படித்தான்" என்றார் அத்தான்.

"அப்படியானால் நாற்பது மைல் வேகத்துக்கு மேல் கூடாது" என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு எங்கே போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.